மாதம் பத்தாயிரம் மிச்சம்: மலையகக் குடும்பம் ஒன்று முதலீட்டை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான். பொகவந்தலாவைப் பக்கம் தோட்டமொன்றில் பிறந்த 26 வயது இளைஞர், கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். செலவு போக மாதம் 10,000 ரூபா மிஞ்சுகிறது. சேமிப்புக் கணக்கில் ஒன்றரை இலட்சம் கிடக்கிறது. கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு 50 வயதாகிறது, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்கலாம் என்கிறார்கள். ஷெயார் வாங்குவதா, நிதிக் கம்பனியில் போடுவதா, மாதம் 5 வீதம் தருவதாக வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்களே, அதில் போடுவதா என்று கேட்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரூபாகூடப் போடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. மற்ற இரண்டுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால், உங்கள் வீட்டில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் முதலீட்டைப் பார்த்துவிடுவோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படுகிறது, முதலாளி தன் பங்காக 12 வீதம் போடுகிறார். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈ.டி.எப்.) முதலாளி மட்டும் 3 வீதம். உதாரணத்துக்கு அம்மாவின் நாட்சம்பளம் 1,350 ரூபா, மாதத்தில் 22 பேர் விழுந்தது (ஒரு முழு நாள் வேலைப் பதிவு ஒரு பேர்) என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 29,700. அதில் அம்மாவிடம் பிடிப்பது 2,376, தோட்டம் போடுவது 3,564, ஆக ஈ.பி.எப். மட்டும் 5,940 ரூபா. ஈ.டி.எப். 891. இரண்டும் சேர்ந்து 6,831 ரூபா ஒவ்வொரு மாதமும் அம்மா பேரில் சேர வேண்டும். நீங்கள் மிச்சம் பிடிக்கும் பத்தாயிரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தொகை என்று விளங்கும். அரைப்பேர் போடப்படும் நாட்களில் இந்தத் தொகையும் குறைகிறது. ஆகவே சம்பளச் சீட்டில் பேர் எண்ணிக்கை சரியா என்று மாதாமாதம் பார்ப்பதே முதலீட்டைக் கவனிப்பதுதான்.

பிடித்த காசு நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. முதலாளி ஒரு மாதத்துக்கான பங்களிப்பை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. அப்படியிருந்தும் நிலுவை வைக்கிற நிர்வாகங்கள் இருக்கின்றன. அம்மாவின் அங்கத்தவர் இலக்கத்தையும் கணக்கு மீதிக் கூற்றையும் வாங்கி, எந்த மாதமாவது வெற்றாக இருக்கிறதா என்று சம்பளச் சீட்டுகளோடு பொருத்திப் பாருங்கள். ஓட்டை இருந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வேலையில் இருக்கும்போதே கேட்பது சுலபம். ஓய்வுபெற்றுப் பத்து வருடம் கழித்து, சீட்டுகள் தொலைந்தபின் கேட்பது மிகவும் கஷ்டம்.

உங்களுக்கும் இதே கேள்வி இருக்கிறது. கடையில் உங்களுக்கு ஈ.பி.எப். கட்டுகிறார்களா? வேலைக்கு ஒரே ஒருவர் இருந்தாலும் முதலாளி கட்டியாக வேண்டும் என்பதுதான் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். கட்டவில்லை என்றால் ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்தில் 12 வீதமும் 3 வீதமும் கை நழுவிப் போகிறது. எந்தப் பங்கும் எந்த வைப்பும் அந்த 15 வீதத்தைச் சும்மா தராது.

காசு எடுக்கிற நேரத்தில் மலையகத்தில் அதிகம் சிக்குவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், தோட்டத்துச் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) மூன்றாவது விதமாகவும் எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து மாறியிருக்கும், சிங்களத்தில் எழுதி ஆங்கிலத்துக்குப் போனபோது ஓர் எழுத்து விழுந்திருக்கும். இவற்றை வைத்துக்கொண்டு விண்ணப்பம் போட்டால் மாதக்கணக்கில் இழுபடும். இப்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, தோட்டத்து ஆபிஸில் பெயரைத் திருத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இந்த நிதியைக் கோரலாம். கோரலாம் என்பதற்காக உடனே எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. எடுக்காத மீதிக்கு ஆண்டு வட்டி சேர்ந்துகொண்டேயிருக்கும். வீடு கட்டவோ வைத்தியத்துக்கோ காசு தேவைப்படுகிற, இன்னும் வயது வராத அங்கத்தவர்கள், பத்து வருடத்துக்கு மேல் பங்களிப்பும் குறைந்தது 3 இலட்சம் மீதியும் இருந்தால் 30 வீதம் வரை முன்கூட்டியே பெறலாம். எடுத்த காசை என்ன செய்வது என்று தீர்மானம் இல்லாமல் எடுக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். மொத்தமாக வந்த காசு வீட்டில் இருப்பது தெரிந்தால் கைமாற்று கேட்டு வருகிற சொந்தக்காரர்களுக்கு இல்லை என்று சொல்வது யாருக்கும் கஷ்டம்.

அடுத்தது கடன். வீட்டில் வாரக்கடன் ஓடுகிறதா என்று அம்மாவிடம் நேராகக் கேளுங்கள். பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கிற அந்தக் கடனைப் பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அதன் கணக்கு இப்படி: ஒரு இலட்சம் கடன், வருடத்துக்கு 24 வீத வட்டி, 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும் என்பார்கள். மொத்தம் 1,24,000, கிழமைக்கு சுமார் 2,385 ரூபா. கேட்க 24 வீதம்தான். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள், வட்டியோ கடைசி வரை முழு ஒரு இலட்சத்துக்கும் போடப்படுகிறது. குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி சுமார் 44 வீதம். நகைக்கடை அடகு, தவணைக்கு எடுத்த போன், ஆட்டோ லீசிங் எல்லாவற்றையும் இதே விதமாகப் பாருங்கள்: கையில் வாங்கியது எவ்வளவு, மொத்தம் கட்டுவது எவ்வளவு, எத்தனை தவணை.

44 வீதக் கடனை வைத்துக்கொண்டு 8 வீத வைப்பில் காசு போடுகிறவர் ஒவ்வொரு மாதமும் நட்டப்படுகிறார். அப்படியொரு கடன் இருந்தால் உங்கள் ஒன்றரை இலட்சத்தின் முதல் வேலை அதை முடிப்பதுதான். முன்கூட்டிக் கட்டினால் மீதி வட்டியில் கழிவு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கழிவே இல்லை என்றால் அவசரப்பட்டு முடிப்பதில் இலாபம் இல்லை. தவணையைத் தவறாமல் கட்டி, அடுத்த சுற்றுக் கடனை எடுக்காமல் விடுங்கள். இந்தக் கடன்களில் குடும்பங்களை மாட்டிவைப்பது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது சுற்றுத்தான்.

கடன் போனபின் அவசரக் காசு. மூன்று மாதச் செலவு, உடனே எடுக்கக்கூடிய இடத்தில். இதற்கு வட்டி முக்கியமில்லை. மண்சரிந்து பாதை மூடினால், மழையில் வேலை நின்றால், யாரையாவது நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ கண்டிக்கோ வாகனம் பிடித்துக் கொண்டுபோக வேண்டியிருந்தால், அன்றைக்கே கையில் காசு வேண்டும். அது இல்லாதவர்தான் வைப்பை இடையில் முறிக்கிறார், பங்கை விலை விழுந்த நேரத்தில் விற்கிறார். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கென்றால் தபால் அலுவலகத்திலும் காசு போடலாம், எடுக்கலாம். டவுனுக்கு இறங்க அரை நாள் ஆகிற தோட்டங்களில் உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி.

இனி அம்மாவின் காசு. 12 இலட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது அம்மாவின் முப்பது வருட முதுகுவலி. இதில் பங்குச் சந்தைக்கு ஒரு சதமும் போகக்கூடாது. நிலையான வைப்புத்தான் இதற்கு இடம், ஆனால் அதிலும் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இலங்கையில் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில், 11 இலட்சம் ரூபா வரைதான். அதே வங்கியில் இரண்டு கிளைகளில் போட்டாலும் ஒரே கணக்காகத்தான் எடுப்பார்கள். ஆகவே 12 இலட்சத்தை ஆறு ஆறாக இரண்டு நிறுவனங்களில் போட்டால் முழுவதும் காப்புக்குள் வந்துவிடும். தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் இருப்பதால் அங்கே இந்த எல்லையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. நிதிக் கம்பனி ஒன்றிரண்டு வீதம் கூடத் தரும். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற கம்பனிதானா, தொகை காப்புறுதி எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போடலாம். தி ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் 2020 மே மாதம் ரத்தானபோது காப்புறுதியின் எல்லை 6 இலட்சமாக இருந்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் மிச்சத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. கூட்டுறவுக் கிராமிய வங்கிகளும் சமுர்த்தி வங்கிகளும் இந்தக் காப்புறுதிக்குள் வருவதில்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

12 இலட்சத்தையும் ஒரே வருட வைப்பாகப் போடாதீர்கள். இடையில் முறித்தால் ஒப்புக்கொண்ட வட்டி கிடைக்காது, குறைத்துத்தான் தருவார்கள். மாதச் செலவுக்கு முன்பே வட்டி வாங்கியிருந்தால், கூடக் கொடுத்ததை முதலிலிருந்து கழிப்பார்கள். மூன்று மாதத்தில் ஒரு பங்கு, ஆறு மாதத்தில் ஒரு பங்கு, ஒரு வருடத்தில் ஒரு பங்கு என்று பிரித்தால் ஏதாவது ஒன்று சீக்கிரம் முதிரும், மற்றதைத் தொடத் தேவையிருக்காது. வட்டி 8 வீதமானால் 12 இலட்சத்துக்கு வருடத்துக்கு 96,000 ரூபா, மாதம் 8,000. அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார் என்றால் மாத வட்டியை எடுக்காமல் முதிர்வில் வாங்குங்கள், வீதம் கொஞ்சம் கூட இருக்கும்.

வட்டியில் வங்கி வரி பிடிக்கும். 2025 ஏப்ரலிலிருந்து அது 10 வீதம். 96,000இல் 9,600 ரூபா போய்விடும். ஆனால் வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள், டின் இலக்கத்தோடு (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்கிற எவரும் அந்த எல்லைக்குக் கிட்டக்கூட வருவதில்லை. படிவம் கொடுக்காததால் மட்டுமே ஏழைகள் வரி கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மனதை உறுத்துகிற விஷயம். ஏப்ரல் 1ஆம் திகதி புது வரி வருடம் தொடங்கும், ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். படிவங்களைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். விளங்காத தாளில், வெற்றுத் தாளில் அம்மா கையொப்பம் வைக்க வேண்டாம்.

வைப்புப் போடப் போகும்போது வங்கியிலேயே ஆயுள் காப்புறுதி ஒன்றை "இதுவும் சேமிப்புத்தான்" என்று சேர்த்துவிடப் பார்ப்பார்கள். அது சேமிப்பு இல்லை. முதல் மூன்று வருடத்துக்குள் நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் திரும்பாது. உங்களை நம்பி ஒரு குடும்பம் இருக்கும்போது காப்புறுதி தேவை, அதை முதலீடு என்று எண்ணி வாங்கக்கூடாது.

வங்கி வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இன்னொன்று திறைசேரி உண்டியல். அரசாங்கம் 91, 182, 364 நாட்களுக்கு வாங்கும் கடன் அது. வட்டி தனியாக வராது. குறைத்து வாங்கி, முழுதாகத் திரும்பப் பெறுவீர்கள். 8 வீதத்துக்கு 364 நாள் உண்டியலென்றால், இன்றைக்குச் சுமார் 92,600 ரூபா கொடுத்தால் முதிர்வில் 1,00,000 கிடைக்கும். கிழமைதோறும் நடக்கிற ஏலத்தில் பெரிய தொகைக்காரர்கள்தான் கேட்பார்கள். நீங்கள் ஒரு வங்கி அல்லது முதனிலை வணிகர் (ஏலத்தில் வாங்கி மற்றவர்களுக்கு விற்க அனுமதி பெற்ற கம்பனி) மூலம் சிறிய தொகைக்கு வாங்கலாம். குறைந்தபட்சத் தொகை இடத்துக்கிடம் மாறும், இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். ஏலத்தில் விழுந்த வீதத்தை மத்திய வங்கி வெளியிடுகிறது, உங்களுக்குத் தருகிற வீதம் அதைவிட எவ்வளவு குறைவு என்று பார்த்தால் இடைத்தரகு தெரிந்துவிடும். வாங்கியபின் உண்டியல் உங்கள் பெயரில் மத்திய வங்கியின் லங்காசெக்கியர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். வணிகர் கையில் கொடுக்கும் ரசீது மட்டும் போதாது.

பாதுகாப்பு மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். முந்தின வருடம் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்குச் சுமார் 1,700 கொடுக்க வேண்டியிருந்தது. சேமிப்புப் புத்தகத்தில் ஒரு ரூபாவும் குறையவில்லை, வாங்கக்கூடிய அரிசியும் மாவும் குறைந்துபோயின. அப்படியொரு வருடம் அடிக்கடி வராது. ஆனாலும் வட்டியில் பணவீக்கத்தைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் உங்கள் உண்மையான இலாபம். 26 வயதுக்காரர் தன் பணம் முழுவதையும் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால் முப்பது வருடத்தில் அது கரைந்துபோகும். ஆகவே உங்கள் மாதாந்தப் பத்தாயிரத்தில் ஒரு பகுதி வளர்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

அதற்கு முதல் படியாக நான் சொல்வது யூனிட் ட்ரஸ்ட். பலருடைய காசைச் சேர்த்து ஒரு முகாமைக் கம்பனி முதலீடு செய்யும், சொத்துக்களை வேறொரு நம்பிக்கைப் பொறுப்பாளர், பெரும்பாலும் ஒரு வங்கி, வைத்திருக்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் ஆணைக்குழுவின் அனுமதி அந்தக் கம்பனிக்கு இருக்க வேண்டும். ஆயிரம் ரூபாவிலேயே தொடங்கக்கூடியவை உண்டு. பணச்சந்தை நிதியம் குறுகிய கால உண்டியல்களிலும் வைப்புகளிலும் போடும், விலை பெரிதாக ஆடாது, காசு சில வேலை நாட்களில் திரும்பும். பங்கு நிதியம் சந்தையோடு ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவில் சமநிலை நிதியம். சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: வருடாந்த முகாமைக் கட்டணம் எவ்வளவு, வெளியேறும்போது கழிவு உண்டா, காசு எத்தனை நாளில் வரும். இது வைப்பு இல்லை, 11 இலட்சக் காப்புறுதி இதற்குக் கிடையாது.

மாதம் 2,000 ரூபா, வருடம் 9 வீதம் வளர்ந்தால் 15 வருடத்தில் நீங்கள் போட்ட 3,60,000, சுமார் 7,56,000 ஆகும். வீதம் அப்படியே நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, கணக்கின் போக்கைக் காட்டவே சொல்கிறேன். முதல் ஐந்து வருடத்தில் ஒன்றும் வளராதது போலத்தான் தெரியும். பாதிப்பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். சம்பளம் விழுந்த மறுநாளே தானாகப் போகிற மாதிரி வங்கியில் நிலையான கட்டளை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஷெயார் வாங்குவது அதற்குப் பிறகு, ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாத காசில் மட்டும். கொழும்பு பங்குச் சந்தையின் மொத்த விலைச் சுட்டெண் 2022 ஜனவரியில் 13,000 புள்ளியைத் தாண்டியிருந்தது, அதே வருட நடுவில் 8,000க்குக் கீழே இறங்கியது, 2025இல் 20,000ஐத் தாண்டியது. காத்திருக்க முடிந்தவருக்கு அது ஏற்றம். நடுவில் தங்கையின் கல்யாணத்துக்கு விற்க வேண்டியிருந்தவருக்கு நட்டம்.

வாங்கிய பங்குகள் உங்கள் பெயரில் பதிவாகும் சி.டி.எஸ். கணக்கு ஒன்று வேண்டும். அதைப் பங்குத் தரகர் கம்பனி மூலம், சந்தையின் கைப்பேசிச் செயலியிலேயே திறக்கலாம். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம், முகவரிச் சான்று கேட்பார்கள். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முகவரிக்கு மின்கட்டணச் சீட்டு உங்கள் பெயரில் இருக்காது. வங்கிக் கூற்றோ கிராம சேவகர் சான்றிதழோ ஏற்பார்களா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் கேட்க விரும்பினால் கண்டியில் பங்குச் சந்தையின் கிளை இருக்கிறது. சந்தை காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை. ஒரே ஒரு பங்குகூட வாங்கலாம்.

வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போதும் 1.12 வீதம் செலவு. இதில் தரகுப் பணமும் பங்குப் பரிமாற்ற வரியும் அடக்கம். 20,000 ரூபாவுக்கு வாங்கினால் 224 ரூபா போய்விடும், விலை இரண்டேகால் வீதம் ஏறினால்தான் போட்ட காசு கைக்கு வரும். கிழமைக்குக் கிழமை வாங்கி விற்கிறவருக்கு இந்தச் செலவே இலாபத்தைத் தின்றுவிடும். வாங்கும் கட்டளையில் அதிகபட்ச விலையைக் குறித்துக் கொடுங்கள். சில பங்குகளில் நாளொன்றுக்கு மிகக் குறைந்த கைமாற்றமே நடக்கும், விலை குறிக்காமல் கட்டளையிட்டால் எதிர்பாராத விலையில் விழும். இரண்டு வேலை நாளுக்குள் காசு தீர்க்கப்பட வேண்டும். தரகர் கடனில் வாங்கலாம் என்றால் மறுத்துவிடுங்கள். விலை விழுந்தால் உங்களைக் கேட்காமலே விற்றுக் கடனை எடுத்துக்கொள்வார்கள். பங்கிலாபம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும், அதில் 15 வீதம் வரி கழிந்திருக்கும்.

எந்தக் கம்பனி? இங்கேதான் மலையகத்துக்கென்று ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிற நம்முடைய பிள்ளைகள் முதலில் தேடுவது தெரிந்த பெயர்களை. தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, வட்டவளை என்று ஊர்ப் பெயரிலேயே பெருந்தோட்டக் கம்பனிகள் பட்டியலில் இருக்கின்றன. அம்மா பறிக்கிற கொழுந்தின் கம்பனியில் மகன் பங்குதாரராவது பெருமைதான், அந்த ஆசை நியாயமானது. ஆனால் உங்கள் குடும்பத்தைப் பாருங்கள். அம்மாவின் சம்பளம் தேயிலையில். மாதாமாதம் நிதிக்குப் போகும் பங்களிப்பு தேயிலையில். இருக்கிற லயம் தோட்டத்துடையது. ஊர்க் கடைக்காரரின் வியாபாரமும் தோட்டச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது விளைச்சல் விழுந்தது, அது ஒரு தோட்டத்தோடு நிற்கவில்லை. ஏல விலை இறங்கினாலும் வரட்சி வந்தாலும் அப்படித்தான், எல்லாம் ஒரே நாளில் அடிபடும். அந்த நாளில் உங்கள் பங்கும் சேர்ந்து விழுந்தால், கைகொடுக்க வேண்டிய சேமிப்பு கைகொடுக்காது. தேயிலையோடு சம்பந்தமில்லாத இடத்தில் உங்கள் காசு இருப்பதுதான் உங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு. கொழும்பில் பரம்பரையாக வியாபாரம் செய்கிறவர் பெருந்தோட்டப் பங்கு வாங்கலாம். உங்களுக்கு அது கடைசியாக வாங்க வேண்டிய பங்கு.

மற்றக் கம்பனிகளில் பார்க்க வேண்டியவை: ஐந்து வருட ஆண்டறிக்கையில் இலாபம் தொடர்ந்து இருக்கிறதா, கடன் பெருகிக்கொண்டே போகிறதா, இலாபம் தாளில் மட்டும் இல்லாமல் காசாகவும் வருகிறதா, பங்கிலாபம் கொடுக்கிறார்களா. அறிக்கைகள் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசம். முகநூலில் "நாளைக்கு ஏறும்" என்று சொல்லப்படும் பங்கைத் தொடாதீர்கள், சொல்கிறவர் ஏற்கனவே வாங்கி வைத்துவிட்டு விற்க ஆள் தேடுகிறார்.

இப்போது அந்த 5 வீதக் குழு. மாதம் 5 வீதம் கூட்டு வட்டியில் வருடத்துக்குச் சுமார் 80 வீதம். 80 வீதம் சம்பாதிக்கத் தெரிந்தவர் 15, 20 வீதத்துக்கு வங்கியில் கடன் எடுத்துத் தானே பணக்காரராகலாம், பொகவந்தலாவையில் உங்களைத் தேடி வரத் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகக் காசு வரும், அது பின்னால் சேர்ந்தவர்கள் போட்ட காசு. அதைக் காட்டி நீங்களே உங்கள் தோட்டத்து ஆட்களைச் சேர்ப்பீர்கள். பிறகு "சிஸ்டம் அப்டேட்" என்று எடுப்பதை நிறுத்துவார்கள். ஆளைச் சேர்த்தால் கமிஷன் என்கிற பிரமிட் திட்டங்கள் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்கீழ் குற்றம். சேர்ந்தவரும் மற்றவரைச் சேர்த்தால் மாட்டுவார். எந்த நிறுவனமானாலும் மத்திய வங்கி அல்லது பிணையங்கள் ஆணைக்குழுவின் அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். காசு போடச் சொல்கிற கணக்கு தனியாள் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகம் என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

சீட்டு பற்றியும் கேட்பீர்கள். 12 பேர், ஆளுக்கு 5,000, மாதம் ஒருவருக்கு 60,000. முதலில் எடுப்பவருக்கு வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு. கட்டாயச் சேமிப்புக்கு நல்லது, வளர்ச்சிக்கு இல்லை. வீடு வாசல் தெரிந்த ஆட்களோடு, கொப்பியில் கையொப்பத்தோடு நடந்தால் சேரலாம். நகையென்றால், செய்கூலியும் சேதாரமும் திரும்ப வராது என்பதை மறக்காதீர்கள். ஒரு பவுண், 8 கிராம், அவசரத்துக்கு வங்கியில் அடகு வைக்க உதவும், அந்த அளவுக்குப் போதும்.

காணி வாங்குவதில் மிகவும் நிதானம் வேண்டும். கம்பனிகள் நடத்தும் தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, குத்தகைக்குக் கொடுத்தது. லயத்துக்குப் பக்கத்துத் துண்டை வெறும் கடதாசியில் எழுதி விற்கிறவரிடம் விற்க உரிமை இல்லை. உறுதி உள்ள காணியென்றால் காணிப் பதிவகத்தில் நொத்தாரிசு மூலம் பின்னோக்கித் தேடிப் பாருங்கள். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையும், 2025 நவம்பரில் டிட்வா புயலும் காட்டியபின் இதைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை.

ஆக உங்கள் கணக்கு: ஒன்றரை இலட்சத்தில் கடனை முடியுங்கள், மிச்சம் அவசரக் காசு. அது மூன்று மாதச் செலவுக்குப் போதாவிட்டால் போதும் வரை பத்தாயிரமும் அங்கேயே போகட்டும். அதன்பின் 5,000 பணச்சந்தை நிதியத்துக்கு, 3,000 பங்கு நிதியத்துக்கு, மிச்சம் 2,000ஐ மாதாமாதம் சேர்த்து ஆறு மாதத்துக்கொரு முறை நிலையான வைப்புக்கு. ஒரு வருடம் இப்படிப் போனபின், சந்தை ஒருமுறையாவது இறங்குவதைப் பார்த்தபின், தனிப் பங்குகளை யோசிக்கலாம்.

ஒவ்வொரு கணக்கும் திறக்கும்போதே பின்னுரித்தாளர் (கணக்குக்காரர் இறந்தால் காசைப் பெறுபவர்) பெயரை எழுதுங்கள். அம்மாவின் வைப்பு, உங்கள் சேமிப்பு, ஈ.பி.எப். எல்லாவற்றிலும். எழுதாமல் ஒருவர் இறந்தால் வாரிசுகள் நீதிமன்றம் போய்க் காசு எடுக்க வேண்டிவரும், செலவும் காலமும் போகும். வைப்புச் சான்றிதழ், சி.டி.எஸ். கூற்று, அங்கத்தவர் இலக்கங்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனில் படமும் எடுத்து, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள்.